காதுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய சொல்

நம் வயதில் எல்லோருக்கும் காது மந்தமாகத் தொடங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொல்கிறார், நாம் சிரித்து வைக்கிறோம், கடைசியில் அவர் சொன்னது யாரோ செத்துப்போன சேதியாக இருந்துவிடுகிறது. நீங்களெல்லாம் இந்த அவஸ்தைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நான் ஐந்து வயதிலேயே வந்துவிட்டேன். எனக்கு இடது காது கேட்காது. அன்றிலிருந்து ஒற்றைக் காதோடுதான் ஓட்டம்.

சொல்ல வந்தது காதைப் பற்றி மட்டும் அல்ல. அந்தக் காதைப் பற்றி இங்கிலீஷில் எழுதப்பட்ட இரண்டு வாக்கியங்களைப் பற்றி. இரண்டிலும் இலக்கணப் பிழை கிடையாது. ஆனாலும் முதல் வாக்கியம் என்னை மலையை விட்டு இறங்கவிடவில்லை. இரண்டாவது வாக்கியத்தை எழுதுவதற்கு ஒரு வாத்தியாரும் ஒரு கடுக்காய் வியாபாரியும் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில், படவேட்டுக்கு மேலே எங்கள் ஊர். இருபது, இருபத்தைந்து வீடுகள். சாமை, கேழ்வரகு, வீட்டுக்கு நாலு புளியமரம். பஸ் கிடையாது, பஸ் வருவதற்கு ரோடும் கிடையாது. மேலே வருகிற கடிதமெல்லாம் என் அப்பாவின் தோளில்தான் வரும். அவர் தபால் ரன்னர். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தவாசலுக்கு இறங்குவார். அங்கே மலைக்கு வந்த பையை வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுவார். கையில் ஓர் ஈட்டி, அதன் கழுத்தில் வெண்கலச் சலங்கைக் கொத்து. கரடி ஒதுங்கிப் போகட்டும் என்று கட்டியது. எங்களுக்கு அது அப்பா வருகிற சத்தம்.

என் காது போனதைக் காட்டிக்கொடுத்ததும் அந்தச் சலங்கைதான். சத்தம் கேட்டதும் தம்பி ஒற்றையடிப் பாதையைப் பார்த்து ஓடுவான். நான் எதிர்ப்பக்கம், பலாமரத்தைப் பார்த்து ஓடுவேன். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. இதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான்கு நாள் பார்த்துவிட்டு அம்மா மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள். ஒருநாள் என்னை மடியில் படுக்க வைத்துப் பேன் பார்க்கிற மாதிரி, ஒரு காதைப் பொத்தி மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அடுத்த காதைப் பொத்திக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டது ஒரு தரம்தான் எனக்குக் கேட்டது. அம்மா எழுந்து விறகு பொறுக்கப் போய்விட்டாள். வீட்டில் விறகு அடுக்கடுக்காகக் கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தக் காதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அம்மாவுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாவது வரைக்கும் ஒரே வாத்தியார். ஆரணிப் பக்கத்துக்காரர். அவரிடமே தபால் ஆபீசும் இருந்தது. பள்ளிக்கூடத்தின் மூலையில் ஒரு மரப்பெட்டி, முத்திரை குத்துகிற கட்டை, சின்னத் தராசு, அவ்வளவுதான் தபால் ஆபீஸ். அவரைக் கிழவர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு வயதுகூட ஆகியிருக்காது. மலைக்கு மாற்றலாகி வந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தை இங்கிலீஷ் படித்துத்தான் ஆற்றிக்கொள்வார். சிவப்பு அட்டை போட்ட ஓர் இலக்கணப் புத்தகம் வைத்திருந்தார். மூலைகள் எல்லாம் செல்லரித்தது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அதை எங்கள் ஊர்க்காரர்கள் சாமி கும்பிடுகிற மாதிரி உதடு அசையப் படிப்பார். மலையில் அவரோடு இங்கிலீஷ் பேச ஆளே கிடையாது. தப்பு என்று சொல்லவும் ஆள் கிடையாது.

ஊரில் ஐந்தாவது முடித்த முதல் பெண் நான்தான். வாத்தியாரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்.

"கீழே சிஸ்டருங்க நடத்தற பள்ளிக்கூடம் இருக்குது. ஹாஸ்டலும் இருக்குது. மலைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சம்பளம் இல்லே, சாப்பாடும் அவங்களே போட்டுடுவாங்க. இவளை இங்க நிறுத்திடாதீங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அங்க போய் இவ எப்டி இருப்பா? ஒரு பக்கம் கூப்ட்டா ஒரு பக்கம் திரும்புவா. கண்டவங்க சிரிப்பாங்க" என்றாள். உடனே அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். அப்பா வாத்தியாரிடம், "எழுதிப் போடுங்க சார்" என்றார்.

ஃபாரம் வந்தது. அதில் பேர், வயசு, தகப்பன் தொழில் எல்லாம் எழுதிவிட்டு ஒரு கேள்வியில் வாத்தியார் பேனாவை நிறுத்தினார். உடலில் ஏதாவது குறை உண்டா என்பது அந்தக் கேள்வி. அவர் பொய் எழுதுகிற ஆள் இல்லை. புத்தகத்தைப் புரட்டினார். ஒரு தனித்தாளில் எழுதி, மையை ஊதிக் காயவைத்து, உரக்கப் படித்துப் பார்த்தார்.

"ஷி இஸ் எ டிபெக்டிவ் கேர்ள்."

அவர் படித்த தோரணையில் அது எனக்கு ராஜா ராணிப் பட்டம் மாதிரி இருந்தது. "அப்டின்னா இன்னா சார்?" என்று கேட்டேன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். மூடியை எடுத்துப் பேனாவில் திருகினார். "அது உனக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு. ஃபாரத்துக்கு எழுதறது" என்றார்.

இந்தப் பதிலை நினைத்து நினைத்துப் பல வருஷம் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. பத்து வயசுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல எனக்கும் வாய் வந்திருக்காது.

ஆனால் நான் அதை நம்பிவிட்டேன். மலையில் எனக்கு மட்டும் ஓர் இங்கிலீஷ் பேர். கடுக்காய் பொறுக்கப் போனால் அதைப் பாடிக்கொண்டே பொறுக்குவேன். தம்பி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டேன். "டிபெக்டிவ் கேர்ள்னு கூப்புடு" என்பேன். பெரியப்பா மகளுக்குப் பொறாமை தாங்காமல், தனக்கும் ஒன்று வேண்டும் என்று வாத்தியாரிடம் போய் நின்றாள். அவர் அவளைத் துரத்திவிட்டார். அதில் எனக்கு இன்னும் பெருமை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வாத்தியார் உறையைப் பிரித்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். நாலே வரிதான் இருந்தது.

"எடம் இல்லையாம்" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையாட்டினார். பையின் வாரை உருவிச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அந்தக் கடிதத்தை முதுகில் சுமந்து மலையேறி வந்தவரே அவர்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவர் வியர்வை உறையில்கூடப் பட்டிருக்கும்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு அம்மா எனக்கு மட்டும் தேன் ஊற்றினாள். அவளுக்கு நிம்மதி. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

கடுக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலைக் கடுக்காய் முக்கால்வாசி வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குப் போகும். தோல் பதனிட அது வேண்டும். நாங்கள் பொறுக்கிக் காயப்போட்டு வைத்திருப்பதை எடுத்துப்போக வருஷா வருஷம் ஒரு பாய் வருவார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கோட்டு, அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். கழுதைகளைப் பலாமரத்தில் கட்டிவிட்டு, தராசைத் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு காயாக உருட்டிப் பார்ப்பார். சொத்தைக் காயைத் தூக்கி எறியமாட்டார். தனியாக ஒரு கூடையில் போடுவார். "இதுக்கும் ஒரு வேலை இருக்கும்" என்பார். அவருடைய அண்ணன்மாருக்குத் தோல் ஷாப் இருந்தது என்றும், இவர் பத்து வருஷம் அங்கே உட்கார்ந்து சீமைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் என்றும், பிறகு ஏதோ மனத்தாங்கலில் கடுக்காய்ப் பக்கம் வந்துவிட்டார் என்றும் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சித்திரையில் கடைசிச் சுமைக்கு வந்திருந்தார். காய் உடைத்த எங்கள் விரல்களெல்லாம் கறுத்துக் கிடந்தன. பெரியப்பா மகள் என்னைச் சீண்டினாள்.

"உனக்குத்தான் பள்ளிக்கூடத்துல எடம் இல்லைன்னுட்டாங்களே."

"எடம் இல்லாட்டி இன்னா? நான் டிபெக்டிவ் கேர்ள்" என்றேன்.

பாயின் கை காயில் நின்றது.

"பாப்பா, இப்ப இன்னா சொன்னே?"

நான் இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். "வாத்தியாரு எனக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சிக்கிறாரு."

"எதுல எழுதினாரு?"

"சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துக் காய்தத்துல."

பாய் எழுந்தார். கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். அப்பா அன்று உச்சிப்பொழுதுக்கே ஏறி வந்து, பையை ஒப்படைத்துவிட்டு வாசலில் செருப்புக்கு வார் கோத்துக்கொண்டிருந்தார். பாய் நேராக அவரிடம் போனார்.

"ரன்னரே, பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த பதில் எங்க இருக்குது?"

"வாத்தியாருகிட்டதான் பாய். இன்னா விசயம்?"

"ஒரு தபா பாக்கணும். வாங்க போலாம்."

பள்ளிக்கு லீவு. தபாலுக்கு லீவு கிடையாது என்பதால் வாத்தியார் ஊரில்தான் இருந்தார். பாய் கேட்டதும் முகம் மாறியது. மரப்பெட்டியின் அடியில், ஸ்டாம்புத் தாள்களுக்குக் கீழேயிருந்து அந்த உறையை எடுத்துக் கொடுத்தார். பாய் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார். பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னார்.

"டிபெக்டிவ் பிள்ளைங்களை வச்சிப் பாக்கறதுக்கு எங்ககிட்ட வசதி இல்லே. அப்படிப்பட்ட பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற எடத்துல கேட்டுப் பாருங்க. இதான் எழுதிக்கிறாங்க."

"எடம் இல்லைன்னீங்களே சார்" என்றார் அப்பா. கோபமாக இல்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"டிபெக்டிவ்னா இன்னா பாய்?"

பாய் என்னைப் பார்த்துத் தயங்கினார். ஆனால் அப்பா கண்ணை எடுக்காமல் நின்றார். "சரியில்லாதது. ஷாப்புல கழிச்சி ஒதுக்கற தோலுக்கு நாங்க போடற பேரு" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. நான் அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன். என் நல்ல காது அவர் பக்கம் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. முகம் மட்டும் கொதித்தது. இத்தனை நாளும் ஊரெல்லாம் பாடித் திரிந்தது கண்முன் வந்தது. பின்னாலேயே வந்திருந்த தம்பி சிரிக்கப்போனவன், என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கறுத்த விரல்களைப் பாவாடையில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். அது போகிற கறை இல்லை.

வாத்தியாருக்குத்தான் கோபம் வந்தது. "உண்மையைத்தான் எழுதினேன். கிராமர்ல ஒரு தப்பு காட்டுங்க பாய், பார்க்கலாம். 'எ' போட்டிருக்கேன், அட்ஜெக்டிவ் போட்டிருக்கேன், நவுன் போட்டிருக்கேன்."

"கிராமர் சரிதான் சார். நான் எட்டாவதுதான். ஒங்களுக்குச் சொல்றதுக்கு எனக்குத் தகுதி இல்லே. ஆனா அந்தச் சொல்லு எதுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்குது பாருங்க. காதுக்குப் பக்கத்துல ஒக்கார வேண்டியது, பொண்ணுக்குப் பக்கத்துல ஒக்காந்துகிச்சு. படிக்கறவன் இன்னா நெனைப்பான்? பொண்ணே முழுசா கெட்டுப்போச்சுன்னுதானே?"

வாத்தியார் தன் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது தெரிந்தது. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"வேற எப்படி எழுதறதாம்?" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அந்த மத்தியானச் சண்டை. பாய் ஒரு கோரைப்பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். சீமைக்குத் தோல் அனுப்பும்போது குறையை மறைக்கவும் கூடாது, மறைத்தால் சரக்கு திரும்பி வந்துவிடும், குறையை மட்டும் எழுதவும் கூடாது, எழுதினால் யாரும் வாங்கமாட்டான் என்றார். முதலில் எதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டும். அதன்பிறகு குறை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் பேரைச் சொல்லி, அங்கே மட்டும் என்று நிறுத்த வேண்டும். அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதினார்.

"ஷி இஸ் சவுண்ட்..." என்று ஆரம்பித்தார் பாய்.

"இன்னா பாய், சவுண்ட்னா சத்தம். காது கேக்காத பொண்ணுக்குச் சத்தமா?"

"இல்லே சார், ஓட்டை ஒடசல் இல்லாத தோலுக்கு நாங்க சவுண்ட் ஸ்கின்னுதான் எழுதுவோம்."

வாத்தியார் ஒரு பழைய அகராதியை எடுத்து வந்து புரட்டினார். விரலை வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "இருக்குது" என்றார், தன் சொத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிற குரலில்.

டிபெக்டிவ் வேண்டாம், இம்பர்ஃபெக்ட் என்று போடலாம் என்றார் பாய். பூரணமில்லாதது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், படிக்கிறவனுக்கு உறுத்தாது. அதற்கு முன்னால் 'ஸ்லைட்லி' என்று ஒரு சொல் சேர்த்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் என்று அர்த்தம் வரும்.

வாத்தியாருக்கு இப்போது பிடி கிடைத்துவிட்டது. "அது கூடாது. ஒண்ணு பர்ஃபெக்ட், இல்லே இம்பர்ஃபெக்ட். அதுல கொஞ்சம், நெறைய எல்லாம் கிடையாது. புக்குல தெளிவா போட்டிருக்கான்."

"எங்க வியாபாரமே அந்தக் கொஞ்சத்துலதான் சார் ஓடுது."

"வியாபாரத்துல ஓடலாம், கிராமர்ல ஓடாது."

இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். அப்பா அதுவரை சுவரோரமாகக் குந்தியிருந்தார். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழிலும் கையெழுத்து மட்டும்தான். "அந்தக் கொஞ்சம்கிற சொல்லு இன்னாத்துக்கு?" என்று கேட்டார். பாய் விளக்கினார்.

"அப்டின்னா வேணாம் பாய். அவளுக்கு அந்தக் காது சுத்தமா கேக்காது. கொஞ்சம்னு எழுதிட்டு, நாளைக்கு அவளை நிக்க வச்சிக் கேட்டா, அவதானே பொய்க்காரி ஆவா?"

பாய் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். "சரி, எடுத்துடுங்க சார்" என்றார்.

கடைசியில் வந்த வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். ஷி இஸ் சவுண்ட் இன் எவ்ரி ரெஸ்பெக்ட், எக்ஸெப்ட் தட் தி ஹியரிங் இன் ஹர் லெஃப்ட் இயர் இஸ் இம்பர்ஃபெக்ட். எல்லா விதத்திலும் நன்றாக இருக்கிறாள், இடது காதில் கேட்கும் திறன் மட்டும் பூரணமாக இல்லை. இதற்குக் கீழே, வலது காதால் வகுப்பில் எல்லாப் பாடமும் கேட்டு முதல் மார்க் வாங்கியிருக்கிறாள் என்று வாத்தியார் தானாகவே ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை யாரும் திருத்தவில்லை.

இதற்குள் யாரோ போய் அம்மாவிடம் சொல்லிவிட்டிருக்கிறார்கள். கை நிறைய மாவோடு வந்து வாசலில் நின்றாள். எதைச் சொன்னார்களோ, எப்படிச் சொன்னார்களோ, அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னா பாய், எம் பொண்ணு இன்னா தோலா? தோலுக்கு எழுதற எழுத்தை எம் பொண்ணுக்கு எழுதறீங்களாமே? ஓட்டை இருக்குது, ஒடசல் இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் காய்தம் போடணுமா?"

பாய் எழுந்து நின்றார். கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்.

"இல்லேம்மா. கழிச்ச தோலைக்கூட நாங்க மொத்தமா கெட்டதுன்னு எழுதமாட்டோம். புள்ளையை எழுதலாமா? அதுக்குத்தாம்மா நான் வந்தது."

அம்மா அப்படியே நின்றாள். மாவு கையில் காய்ந்து உதிர்ந்தது. வாத்தியார் தமிழில் முழுக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினார். முடிந்ததும், "எதுனால காது போச்சுன்னு எழுதலையே?" என்று கேட்டாள். "அதை அவங்க கேக்கல" என்றார் வாத்தியார்.

"கூப்ட்டாங்கன்னா நான்தான் இட்டுக்கினு போவேன். வேற யாரும் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பி நடந்தாள்.

மறுநாள் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நான் ஊர் எல்லைவரை கூடவே போனேன். பைக்குள்தான் என் கடிதம் இருந்தது. வழக்கத்தைவிட அவர் வேகமாக நடந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. பெண்ணை நேரில் அழைத்து வரவும் என்று எழுதியிருந்தார்கள். வாத்தியார் இந்தத் தரம் உறையைப் பிரிப்பதற்கு முன்பே அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

அம்மா அதற்கு முன் பஸ்ஸில் ஏறியதில்லை. சந்தவாசல்வரை அப்பாவோடு நடந்தோம். அங்கே அவர் பையை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் எங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நின்றுகொண்டார். அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். நடுவில் ஓர் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க எது கேட்டாலும் நீ பேசாத, நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

ஆபீஸ் அறையில் வயதான சிஸ்டர் ஒருத்தி இருந்தாள். தெற்கத்தித் தமிழ். எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அம்மா உட்காரவில்லை. சிஸ்டர் என் பின்னால் வந்து நின்று, வாயைக் கையால் மறைத்து, "உங்க ஊர்ல என்ன மரம் நிறைய?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். "கடுக்கா மரம்" என்றேன். "உன் தம்பி பேரு என்ன?" சொன்னேன். பிறகு இடப்பக்கம் போய் ஏதோ கேட்டிருக்கிறாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கேட்டிருக்கிறாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் யாரோ என்னிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

"சரி" என்றாள் சிஸ்டர். மேசையில் எங்கள் கடிதத்தை விரித்தாள். "சொன்ன மாதிரியேதான் இருக்கு. இது பிறந்ததிலிருந்தா, நடுவிலா?"

சாதாரணக் கேள்வி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பதிவேட்டில் எழுதுவதற்காகக் கேட்டாள். ஆனால் அம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாம்மா பண்ணேன்" என்றாள். "காய்ச்சல்ல காது வலின்னு மூணு நாளு கத்திச்சு. சீழு வந்துச்சு. வைத்தியம் பாக்க ஆள் இல்லே. இலுப்ப எண்ணெய காய்ச்சி ஊத்தினேன். சூடு பாக்காம ஊத்திட்டேன். அப்ப துடிச்சுச்சு பாரு, அத்தோட போச்சு. அவரு தபால் நடையில இருந்தாரு, அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எழுதறதா இருந்தா எம் பேரை எழுதிக்குங்க. புள்ளை மேல எழுதாதீங்க."

எனக்கு அதெல்லாம் ஒன்றுமே ஞாபகம் இல்லை. எண்ணெயும் ஞாபகமில்லை, துடித்ததும் ஞாபகமில்லை. ஐந்து வருஷமாக அவள் அடுப்படிக்கும் விறகுக்கும் ஓடியது எதற்கு என்று அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்றுதான் எண்ணியிருந்தேன். என் காதைவிட அதுதான் எனக்கு வலித்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் பேனாவை மூடினாள். சுற்றிக்கொண்டு வந்து, கஷ்டப்பட்டு முட்டியை மடக்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டிலயும் எண்ணெய்தான் ஊத்துவாங்க. எங்க அம்மா எனக்கு ஊத்தியிருக்காங்க. எண்ணெயால காது போகாது. காய்ச்சலாலதான் போகும். நான் ஆஸ்பத்திரியில வேலை பார்த்திருக்கேன், எனக்குத் தெரியும். நீங்க ஊத்தாம இருந்தா ரெண்டாவது காதும் போயிருக்கும்."

"நெஜமாவா?"

"நிஜமா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து நிமிஷம் இருக்கும். சிஸ்டர் எழுந்து போகவில்லை. அதற்கப்புறம் அம்மா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு, ஹாஸ்டலில் போட்ட சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டாள். புளி சரியில்லை, எங்கள் மலைப் புளி அனுப்புகிறேன் என்று சமையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். சொன்னபடி வருஷா வருஷம் அப்பாவின் தோளில் ஒரு கூடைப் புளி இறங்கியது.

நான் அங்கே படித்தேன். வகுப்பில் என்னை இடக்கோடியில் உட்கார வைத்தார்கள், வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி. வாத்தியார் இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போனார். போகிறபோது அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை என் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்க ஓரத்தில் பென்சிலால், காதுக்குப் பக்கத்தில், என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் புத்தகத்தை நான் வீடு மாறியபோது எங்கேயோ தொலைத்தேன். பாய் அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் கடுக்காய்க்கு வந்தார். லீவில் என்னைப் பார்த்தால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பாப்பா, இங்கிலீஷ்ல எதுனா பேசு" என்பார். நான் வெட்கப்பட்டு ஓடிவிடுவேன். ஒரு தரமாவது நின்று பேசியிருக்கலாம்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனேன். வேலைக்கு முன் நடந்த சோதனையில் டாக்டர் வலப்பக்கமே நின்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் திரும்பி உட்காரவில்லை. அந்தக் காலத்து ஆபரேட்டருக்கு ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுவார்கள், தெரியுமா? முப்பது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில், வேலூரில் காதுக்கென்று இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். அம்மாவும் வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே பழைய தழும்பு இருக்கிறது என்றார். காய்ச்சலால் வந்ததா, சூடான எண்ணெயால் வந்ததா என்று கேட்டேன். "இவ்வளவு வருஷத்துக்கப்புறம் உறுதியா சொல்ல முடியாதும்மா. சூடு பட்ட மாதிரிதான் தெரியுது. எண்ணெயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார்.

வெளியே வந்தேன். அம்மா எழுந்து நின்றாள்.

"இன்னாடி சொன்னாரு?"

"காய்ச்சலாலதானாம்மா."

"அதான் அன்னைக்கே சிஸ்டரம்மா சொல்லிச்சே" என்றாள் அம்மா. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.